இரண்டாம் பதிப்பு

சென்ற ஐப்பசியில் தென்காசியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவ்வூரில் ஒரு வாடகைப் புத்தக நிலையத்தை மூடியபோது, என்னுடைய முதல் நாவலை எடைக்கு வாங்கினாராம். ஆசையாகப் படித்துக்கொண்டு போனவருக்குக் கடைசியில் ஓர் ஏமாற்றம். முடிவில் ஒரு பாரம், அதாவது 16 பக்கம், கிழிந்து போயிருந்தது. ‘கதாநாயகி ஊருக்குத் திரும்பினாளா, இல்லையா என்பதைத் தயவு செய்து தெரிவிக்கவும். எனக்கு வயது 74. அதிக நாள் காத்திருக்க முடியாது’ என்று கடிதத்தை முடித்திருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. ஏனென்றால் அந்தப் புத்தகம் என்னிடமே கிடையாது! அச்சிட்டது 1,000 பிரதி. அதில் எத்தனை விற்றது என்பது வெளியிட்டவருக்குத்தான் வெளிச்சம். அவர் சொன்னதில்லை, கூச்சத்தினால் நானும் கேட்டதில்லை. இரண்டாம் பதிப்பு என்ற பேச்சே எழவில்லை.

கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் என் அண்ணன் மகன் வந்தான். அவனுக்குப் பழைய இசைத்தட்டுப் பைத்தியம். கையில் ஒரு பெரிய சதுர உறை. அதன் மேல் ஒரு கண்ணாடிக் கோளம்; கோளத்துக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருந்தார்.

“இது யாரப்பா, புது மாதிரிச் சாமியார்?” என்றேன்.

“சாமியார் இல்லை சித்தப்பா. செத்துப் பிழைத்தவர். ஓர் ஊரில் செத்துப் போனார், இன்னோர் ஊரில் கச்சேரி செய்தார், சொந்த ஊரில் செங்கல் சுமந்தார். எல்லாம் ஒரே சமயத்தில்!” என்றான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் விடுவானா? அன்று ராத்திரி அந்தத் தட்டை இரண்டு முறை கேட்டேன். அதற்கப்புறம் பல நாள் அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தட்டின் பெயர் ‘கோல்ட் ஃபேக்ட்’. பாடியவர் ஸிக்ஸ்டோ ரோட்ரிகஸ். 1942-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். பெற்றோர் மெக்ஸிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆறாவது குழந்தை என்பதால் ஸிக்ஸ்டோ என்று பெயர் வைத்தார்களாம். நம் கிராமங்களில் வரிசையாகப் பெண் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைப்பதில்லையா, அந்த மாதிரி ஒரு சௌகரியம்.

டெட்ராய்ட் என்றால் மோட்டார் கார். உலகத்துக்கெல்லாம் கார் செய்து அனுப்பிய ஊர் அது. ஆனால் காரைச் செய்தவர்கள் குடியிருந்த தெருக்கள் வேறு. 1967-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அங்கே மூண்ட கலகத்தில் 43 பேர் மாண்டார்கள். தெருத் தெருவாக எரிந்தது. அந்தச் சாம்பல் வாசனை போவதற்குள், ஆற்றங்கரையை ஒட்டிய சாராயக் கடைகளில் ஒரு கிதாரை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தவர்தான் நம் ரோட்ரிகஸ். சபையைப் பார்த்துப் பாடுவது கூட இல்லை; முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பாடுவாராம்! டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரண்டு இசை வல்லுநர்கள் இவரைக் கண்டுபிடித்து, 1969-இல் டெட்ராய்ட்டிலேயே ஒலிப்பதிவு செய்தார்கள். 1970 மார்ச்சில் ‘ஸஸெக்ஸ்’ என்ற கம்பெனி தட்டை வெளியிட்டது. கம்பெனியின் சொந்தக்காரர் கிளாரன்ஸ் அவன்ட்.

இந்த இசைக்கு ‘சைக்கெடெலிக் ராக்’ என்று பெயர். வாசகர்கள் பயப்பட வேண்டாம். 1960-களின் பிற்பாதியில் மேல்நாட்டு இளைஞர்களிடையே எல்.எஸ்.டி. முதலான மயக்க மருந்துகள் பரவின. அவற்றை உட்கொண்டபோது தோன்றிய விசித்திரக் காட்சிகளைச் சங்கீதத்தில் கொண்டுவரச் சிலர் முயன்றார்கள். கிதாரின் நாதத்தை மின்சாரத்தினால் கரகரக்க வைப்பது, குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கச் செய்வது, நடுவே இன்ன வாத்தியம் என்று தெரியாத சப்தங்களை மிதக்க விடுவது இவையெல்லாம் அந்த முயற்சியில் பிறந்த உத்திகள். ‘கோல்ட் ஃபேக்ட்’டின் முதல் பாட்டு ‘ஷுகர் மேன்’. சர்க்கரைக்காரன் என்றால் மிட்டாய் விற்கிறவன் அல்ல, போதை மருந்து விற்கிறவன். அந்தப் பாட்டில் இந்த உத்திகள் யாவும் உண்டு. ஆனால் தட்டு முழுவதும் மயக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 12 பாட்டுகளில் பெரும்பாலானவை தெளிந்த புத்தியுடன் பாடியவை. வறுமை, போலித்தனம், அதிகாரம், தெருவில் அலைகிறவர்கள் ஆகியவையே விஷயம். பேப்பரில் செய்தி படிக்கிறவனைப் போல, குரலை உயர்த்தாமல் பாடுகிறார். சுற்றிலும் கனவு, நடுவில் விழித்திருக்கிற ஒரு மனிதன். எனக்கு அப்படித்தான் பட்டது.

அமெரிக்காவில் தட்டு விற்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் சிலர் பாராட்டினார்கள். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பெனி நொடித்துக் கிடந்ததோ என்றால் அதுவும் இல்லை. 1971-இல் அதே ஸஸெக்ஸ் வெளியிட்ட பில் விதர்ஸின் முதல் தட்டு அமோகமாக விற்றது. அந்த வருஷமே ரோட்ரிகஸின் இரண்டாவது தட்டு, ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’, வெளிவந்தது. அதை லண்டனுக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்தார்கள். அதுவும் படுத்துவிட்டது. கம்பெனி அவரைக் கைவிட்டது. 1975-இல் கம்பெனியே மூடிக்கொண்டது.

ரோட்ரிகஸ் கிதாரை மாட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். பழைய கட்டடங்களை இடிப்பது, குப்பை கூளங்களை அள்ளுவது, வீடுகளைச் செப்பனிடுவது இப்படிப்பட்ட வேலைகள். 1976-இல் சர்க்கார் ஏலத்தில் 50 டாலருக்கு ஒரு வீட்டை வாங்கினார். பிழையாக அச்சாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், ஐம்பதே டாலர்தான்! அந்த ஊரில் வீடுகள் அந்த நிலைமையில் இருந்தன. நடுவில் கல்லூரியில் சேர்ந்து 1981-இல் தத்துவ சாஸ்திரத்தில் பட்டமும் பெற்றார். நகரசபைத் தேர்தலில் நின்று தோற்றார். மூன்று பெண்களை வளர்த்தார்.

இனிமேல்தான் கதையே.

தென்னாப்பிரிக்காவை நாம் காந்தியின் பெயராலும் தில்லையாடி வள்ளியம்மையின் பெயராலும் அறிவோம். 1948 முதல் அங்கே நிறவெறி அரசாங்கம் கெட்டிப்பட்டுக்கொண்டே போயிற்று. உலகம் அதைத் தள்ளி வைத்தது. அயல்நாட்டுப் பாடகர்கள் அங்கே போவதில்லை என்று ஒதுங்கினார்கள். சர்க்காரோ தன் பங்குக்கு எதை எடுத்தாலும் தணிக்கை செய்தது. அந்த நாட்டில் டெலிவிஷனே 1976-இல்தான் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு மக்கள் பட்ட துன்பத்துக்கு முன்னால் இதெல்லாம் தூசு. ஆனால் வெள்ளைக்கார வீட்டுப் பையன்களுக்கும் ஒரு மூச்சுத் திணறல் இருந்தது. 1967 முதல் அவர்கள் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர வேண்டும். தாங்கள் நம்பாத ஒரு காரியத்துக்காக எல்லையில் போய்ச் சுட வேண்டும்.

இந்தப் பையன்களின் கையில் எப்படியோ ‘கோல்ட் ஃபேக்ட்’ கிடைத்தது. 1971-இல் அங்கே அது வெளியாயிற்று. முகாமுக்கு முகாம், வீட்டுக்கு வீடு, நாடா நாடாவாகப் பிரதி எடுத்துக் கேட்டார்கள். அதிகாரத்தை எதிர்த்து ஒருவன் பாட முடியும் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சர்க்கார் வானொலியின் தட்டு நிலையத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘ஷுகர் மேன்’ பாட்டின் வரிப் பள்ளங்களின் குறுக்கே கூரான ஆயுதத்தால் கீறி வைத்தார்கள். யாராவது மறந்து போய் ஒலிபரப்பினால் கூட முள் நகரக் கூடாதாம். எவ்வளவு முன்ஜாக்கிரதை!

எத்தனை பிரதி விற்றது என்பதற்குத் திட்டமான கணக்கு இல்லை. ஐந்து லட்சம் இருக்கும் என்கிறார்கள். ஆனால் பாடியவர் எங்கே? உறையில் ஒரு தகவலும் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் கதை முளைக்கும் அல்லவா? மேடையில் தன் மேல் எண்ணெயை ஊற்றி எரித்துக்கொண்டு செத்தார் என்றார்கள். இல்லை, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்றார்கள். ரசிகர்கள் அவருக்காகத் துக்கம் காத்தார்கள். அந்த வேளையில் அவர் டெட்ராய்ட்டில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் கைக்குக் காசு ஒன்றும் வந்து சேரவில்லை.

கேப் டவுனில் ஸ்டீபன் ஸெகர்மன் என்று ஒரு ரசிகர். பட்டாளத்தில் நண்பர்கள் அவர் பெயரைத் திரித்து ‘ஷுகர்மேன்’ என்றே கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஒரு பெண் ஊருக்கு வந்தபோது, “இந்தத் தட்டு அங்கே எங்கும் கிடைக்கவில்லை, இங்கே எங்கே வாங்கலாம்?” என்று அவரைக் கேட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்கப் பாடகர் அமெரிக்காவிலேயே தெரியாதவரா? 1996-இல் இரண்டாவது தட்டைக் குறுந்தகடாக வெளியிட்டபோது, அதன் உறைக்குறிப்பை ஸெகர்மன் எழுதினார். துப்பறிகிறவர்கள் யாராவது உண்டா என்று அதில் ஒரு வார்த்தையைப் போட்டு வைத்தார். கிரேக் பார்தலமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளர் அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார். பாட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு பாட்டில் டியர்பார்ன் என்ற பெயர் வந்தது. அது டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அங்கிருந்து நூல் பிடித்து, 1997-இல் மைக் தியோடரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். ரோட்ரிகஸ் எப்படிச் செத்தார் என்று கேட்டதற்கு, அவர் எங்கே செத்தார், உயிரோடுதானே இருக்கிறார் என்று பதில் வந்தது! பின்னால் ரோட்ரிகஸின் மூத்த மகளே ரசிகர்களின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினாள்.

1998 மார்ச்சில் அவர் தென்னாப்பிரிக்கா போனார். கேப் டவுனை அடுத்த பெல்வில்லில் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கான ஜனங்கள். அவர் மேடைக்கு வந்து நின்றதும் பாட விடவில்லை; நெடுநேரம் கூச்சல், கைதட்டல், கண்ணீர். செத்தவர் நேரில் வந்தால் வேறு என்ன செய்வார்கள்? அந்தச் சுற்றுப்பயணத்தைப் பற்றி எடுத்த ஒரு சிறு படத்துக்குச் ‘செத்தவர்கள் சுற்றுப்பயணம் போவதில்லை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

இத்துடன் நிறுத்தினால் இது மிகவும் அழகான கதை. மாலிக் பெஞ்செலூல் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர் இதைப் படமாக எடுத்தார். கைப் பணம் தீர்ந்து போய், சில காட்சிகளைக் கைப்பேசியில் எடுத்து ஒப்பேற்றினார். ‘ஸெர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’ என்ற அந்தப் படம் 2012-இல் வெளியாகி, 2013-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. விழாவுக்கு ரோட்ரிகஸ் போகவில்லை; பரிசு அறிவித்தபோது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்கிறார்கள்.

ஆனால் படத்தில் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்திரேலியா.

1970-களில் ஸிட்னி வானொலியில் ‘ஷுகர் மேன்’ ஒலித்து, அங்கேயும் ஒரு ரசிகர் கூட்டம் உண்டாகியிருந்தது. 1977-இல் அங்கே ஒரு தொகுப்புத் தட்டு வெளியாயிற்று. 1979-இல் ரோட்ரிகஸை நேரிலேயே அழைத்தார்கள். போனார்; பெரிய அரங்குகளில் பாடினார். 1981-இல் மறுபடியும் போனார். அந்தக் கச்சேரிகளிலிருந்து வந்த தட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘அலைவ்’! உயிரோடிருக்கிறார் என்று தட்டின் மேலேயே அச்சடித்து விற்றிருக்கிறார்கள். இந்துமகா சமுத்திரத்தின் ஒரு கரையில் ஜனங்கள் அவரைக் கண்ணால் பார்த்துக் கைதட்டியிருக்க, மறு கரையில் இன்னும் 16 வருஷத்துக்கு அவருக்காகத் துக்கம் காத்திருக்கிறார்கள். தள்ளி வைக்கப்பட்ட ஒரு நாட்டின் சுவர் அவ்வளவு உயரம்.

படம் எடுத்தவர் ஏன் இதை விட்டார்? கதையின் கட்டுக்கோப்புக் கெட்டுவிடும் என்றுதான். எல்லோரும் மறந்த ஒருவன், தன் புகழை அறியாமலே 30 வருஷம் கல் சுமந்தான் என்றால் அது கதை. நடுவில் இரண்டு முறை விமானமேறிப் போய் மாலை மரியாதை வாங்கிக்கொண்டு வந்தான் என்றால் வாசகன் முகம் சுளிப்பான். சத்தியமாகச் சொல்கிறேன், நானாக இருந்தாலும் ஆஸ்திரேலியாவை வெட்டியிருப்பேன். இந்தத் தொழிலில் எத்தனையோ ஆஸ்திரேலியாக்களை வெட்டியவன் நான்.

ஆனாலும் யோசிக்க யோசிக்க, வெட்டியதுதான் கதையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. புகழ் வந்ததே தெரியாமல் கூலி வேலை செய்வதற்குப் பெரிய மனத்திடம் வேண்டாம். தெரியாதவனுக்கு இழப்பு ஏது? ஆனால் 1979-இல் ஆயிரக்கணக்கானவர்கள் தன் பெயரைக் கூவியதைக் காதால் கேட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி, திங்கட்கிழமை காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனாரே, அந்தத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். விரும்பிப் போனாரா, வயிற்றுக்காகப் போனாரா? மூன்று பெண்களைப் பெற்றவர். ‘துறவி’ என்று அவரைக் கும்பிடுவது நமக்குச் சுலபம். துறவி என்று சொல்லிவிட்டால் கூலிப் பாக்கியைக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

கூலிப் பாக்கி என்றதும் பணத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்காரர்கள், ராயல்டிப் பணத்தை அமெரிக்காவுக்கு அனுப்பினோம் என்றார்கள். கிளாரன்ஸ் அவன்டிடம் படத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. பழைய ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்கிற தோரணையில் பதில் சொன்னார். பிற்பாடு விஷயம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, 81-ஆவது வயதில் காலமானார். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 13-ஆம் தேதி, கிளாரன்ஸ் அவன்டும் காலமானார். நாவலில் நான் இப்படி எழுதினால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் தட்டு மறுபடி வெளிவந்தது 2008 ஆகஸ்டில். ஸியாட்டில் நகரத்தில் ‘லைட் இன் தி அட்டிக்’ என்று ஒரு சிறிய கம்பெனி. பரண் மேல் விளக்கு என்று அர்த்தம். பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய தட்டுகளைத் தேடி எடுத்து, சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்து, உரிமை வாங்கி, விவரமான குறிப்புகளுடன் மறுபடி அச்சிடுவதே அவர்கள் தொழில். டேவிட் ஹோம்ஸ் என்ற இசைக்கலைஞர் 2002-இல் தொகுத்த ஒரு தட்டில் ‘ஷுகர் மேன்’ இடம் பெற்றிருந்தது. கம்பெனியை நிறுவிய மாட் ஸலிவன் அதைக் கேட்டுத்தான் இவரைத் தேடிப் போனார். 2009-இல் இரண்டாவது தட்டும் வந்தது. சொந்த நாட்டில் அவர் கச்சேரிகளுக்குக் கூட்டம் சேர்ந்தபோது அவருக்கு வயது 66. பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. சம்பாதித்ததில் பெரும் பகுதியைக் குடும்பத்தாருக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுத்துவிட்டு, அந்த 50 டாலர் வீட்டிலேயே இருந்தார்.

“இதில் உங்களுக்குச் சந்தோஷமா, வருத்தமா சித்தப்பா?” என்று கேட்டான் அண்ணன் மகன், தட்டை உறையில் போட்டுக்கொண்டே.

“27 வயதில் பாடிய குரல் திரும்பி வந்துவிட்டது. 27 வயது திரும்பி வரவில்லையே அப்பா” என்றேன்.

“ஆனால் தட்டு வந்ததே! வராமலே போயிருந்தால்?” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சொல்வது நியாயம்தான். அந்த ஸெகர்மனும் ஸ்ட்ரைடமும் ஸலிவனும் ரோட்ரிகஸுக்கு உறவா, முறையா? ஒரு தட்டைக் கேட்டவர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாதவர்கள். பாக்கியைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காதபோது, கடன்படாத சில பேர் கொடுக்க முன் வந்தார்கள். உலகம் அந்த மட்டில் நடக்கிறது.

மறுநாள் உட்கார்ந்து தென்காசிக்காரருக்குப் பதில் எழுதினேன். கதாநாயகி ஊருக்குத் திரும்பினாள், கோயில் குளத்தங்கரையில் அவள் தம்பி காத்திருந்தான் என்று, ஞாபகத்திலிருந்து கடைசி அத்தியாயம் முழுவதையும் எட்டுப் பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அச்சான புத்தகத்தில் அவள் உண்மையிலேயே திரும்பினாளா? அல்லது இந்த வயதில் அவள் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியதா? முழுப் பிரதி எந்தப் பரணிலாவது இருந்தால், கடைசி 16 பக்கத்தைப் பார்த்து யாராவது எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். தென்காசிக்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.